ஐ கிரீமை மதிப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

கண்ணுக்குக் கீழே தடவும் ஈரப்பதக் கிரீம்களைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்கு மேல் ஒரே குரலில்தான் இருக்கும்: "ரெண்டு மாசமா போடுறேன், கருவளையம் அப்படியே இருக்கு." கிரீம் மோசம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல நேரங்களில், அதற்கு இல்லாத வேலையை அதனிடம் கேட்டிருப்போம். ஈரப்பதத்துக்கென்று தயாரித்த கிரீம் தோலில் தண்ணீரைத் தங்கவைக்கும். வறட்சியால் விழும் மெல்லிய கோடுகளைக் குறைத்துக் காட்டும். தோல் இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு போகும். அதன் வேலை இவ்வளவுதான். இந்த வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்ப்பதுதான் முதல் தவறு.

கருவளையத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லாக் கருமையும் ஒரே காரணத்தால் வருவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, முகத்தில் நேராக வெளிச்சம் விழும்படி கண்ணாடியில் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுந்ததும் கருமை பெருமளவு மறைந்தால் அது நிழல். கண்ணுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தால் வருவது. கீழ்த் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுக்கும்போது பழுப்பு நிறம் அப்படியே இருந்தால் அது நிறமி, அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருள் அங்கே கூடியிருப்பது. நீலமோ ஊதாவோ கலந்து, இழுத்ததும் இன்னும் தெளிவாகத் தெரிந்தால், மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்த நாளங்கள் தெரிகின்றன என்று பொருள். இமைத் தோல் சுமார் அரை மில்லிமீட்டர்தான். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது. நம் நிறத்தவர்களுக்கு நிறமியால் வரும் கருமை அதிகம், அதிலும் குடும்பவழியாக வருவது நிறைய. அம்மாவுக்கும் சித்திக்கும் இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம். பலருக்கு இந்த மூன்றும் கலந்தே இருக்கும்.

இதில் ஈரப்பதக் கிரீமால் எதை மாற்ற முடியும்? பள்ளத்தை நிரப்ப முடியாது. நிறமியைக் கரைக்க முடியாது. வறண்ட தோல் மங்கித் தெரியும் என்பதால், ஈரம் சேர்ந்ததும் கருமை கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். வீக்கமும் இப்படித்தான். காலையில் இருந்து மதியத்துக்குள் வடிந்துவிடும் வீக்கம் ஒரு வகை. நாள் முழுக்க அப்படியே இருக்கும் பை வேறு வகை. அது பெரும்பாலும் கொழுப்பு, எந்தக் கிரீமும் அதைக் கரைக்காது. புதிதாக வந்த வீக்கம் நாள்கணக்கில் போகாமல் இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் வந்தாலோ, காலும் சேர்ந்து வீங்கினாலோ, கிரீம் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகமும் தைராய்டும் கண்ணைச் சுற்றித்தான் முதலில் அடையாளம் காட்டுவதுண்டு.

சரி, டப்பாவுக்கு வருவோம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஹையலூரானிக் ஆசிட், பெப்டைடு, கஃபீன் என்று போட்டிருக்கும். முன்பக்கத்தை வைத்து முடிவெடுப்பது அடுத்த தவறு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படிக்க வேண்டும். சந்தையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

அக்வா (தண்ணீர்), கிளிசரின், கேப்ரிலிக்/கேப்ரிக் டிரைகிளிசரைடு, சீட்டைல் ஆல்கஹால், நியாசினமைடு, டைமெத்திகோன், பீனாக்ஸிஎத்தனால், சோடியம் ஹையலூரனேட், செராமைடு என்பி, பால்மிட்டாயில் பென்டாபெப்டைடு-4, பர்ஃப்யூம், மைக்கா, சி.ஐ. 77891.

எடையில் அதிகம் இருப்பது முதலில் வரும். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும் என்பது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விதி. 1 சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று லேபிள் சொல்லாது. ஆனால் பீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 1 சதவீதம். ஆகவே அதற்குப் பின்னால் வருபவை பெரும்பாலும் 1 சதவீதத்துக்குள் அடங்கியவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறுக்குவழி இப்போது பலருக்குத் தெரிந்துவிட்டது. அதிலிருந்தே புதிதாக ஒரு தவறும் கிளம்பியிருக்கிறது: "பீனாக்ஸிஎத்தனாலுக்குக் கீழே இருப்பதெல்லாம் சும்மா பெயருக்குப் போட்டது" என்று ஒதுக்கிவிடுவது. எல்லாப் பொருளுக்கும் இது பொருந்தாது. சோடியம் ஹையலூரனேட்டை (முன்பக்கத்தில் ஹையலூரானிக் ஆசிட் என்று போடுவது பெரும்பாலும் இதைத்தான்) 1 சதவீதம் போட்டாலே தண்ணீர் கெட்டியான ஜெல்லாகிவிடும். அதைக் குறைவாகச் சேர்ப்பதுதான் வழக்கம். புரதத்தின் சிறு துண்டுகளான பெப்டைடுகளில் சிலவற்றைப் பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில்தான் சேர்க்கிறார்கள். சோதனைகளும் அந்த அளவிலேயே நடந்திருக்கின்றன. தோலிலேயே இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான செராமைடும் சிறிய அளவில் சேர்ப்பதுதான். அதே நேரம், கிளிசரின் பட்டியலின் அடியில் கிடந்தால் அந்தக் கிரீம் ஈரப்பதத்துக்குப் பெரிதாக உதவாது. கிளிசரினுக்குச் சில சதவீதமாவது வேண்டும். வைட்டமின் பி3-இன் ஒரு வடிவமான நியாசினமைடும் அப்படித்தான். ஒரு பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதோடு, அதற்கு எவ்வளவு தேவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பட்டியலைப் படித்ததாக அர்த்தம்.

வாசனைப் பொருள் விஷயத்தில் இது தலைகீழ். 'பர்ஃப்யூம்' கடைசியில்தானே இருக்கிறது என்று நிம்மதி அடையக் கூடாது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மிகச் சிறிய அளவே போதும், இமை சிவந்து அரிக்கத் தொடங்கிவிடும். லினலூல், லிமோனீன், சிட்ரால் என்று இருந்தாலும் வாசனைப் பொருள்கள்தான். பூவிலிருந்து எடுத்த எண்ணெய் என்பதால் அவை சாதுவாகிவிடாது. கண்ணைச் சுற்றிப் போடுவதில் வாசனைக்கு ஒரு வேலையும் இல்லை. நான் வாங்கினால் வாசனை இல்லாததைத்தான் வாங்குவேன், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

'ஆல்கஹால்' என்ற சொல்லைப் பார்த்ததும் பயந்து டப்பாவைத் திரும்ப வைத்துவிடுபவர்களும் உண்டு. சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் எல்லாம் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள், தோலை மென்மையாக்குபவை. உலர்த்துவது 'ஆல்கஹால் டீனாட்' என்று வருவது. அது பட்டியலின் மேல் பகுதியில் இருந்தால் தவிர்த்துவிடலாம். பதப்படுத்தும் பொருளே இல்லாத கிரீம்தான் பாதுகாப்பு என்று நினைப்பதும் இதே மாதிரி தவறான பயம். தண்ணீர் கலந்த கிரீமில் கிருமி வளரும், அதைத்தான் நாம் கண் ஓரத்தில் தடவுகிறோம்.

ஹையலூரானிக் ஆசிட் இருந்தால் போதும், நல்ல ஈரப்பதக் கிரீம் என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. இப்படிப்பட்ட கிரீமில் மூன்று வேலை நடக்க வேண்டும். கிளிசரினும் ஹையலூரானிக் ஆசிடும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். செராமைடும் கொழுப்பு ஆல்கஹால்களும் தோலின் செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி மென்மையாக்கும். டைமெத்திகோன், ஷியா பட்டர், பெட்ரோலாட்டம் போன்றவை மேலே மூடி, பிடித்த தண்ணீர் ஆவியாகாமல் காக்கும். மூடும் பொருள் இல்லாத வெறும் ஜெல், சென்னையின் புழுக்கத்தில் நன்றாகவே இருக்கும். அதையே போட்டுக்கொண்டு எட்டு மணிநேரம் ஏசி அறையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் தோல் இழுக்கும். அப்போது கிரீமைக் குறை சொல்வதைவிட, அதற்கு மேல் மூடும் தன்மையுள்ள மாய்ஸ்சரைசரை லேசாகத் தடவிப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் இந்த மூடும் வேலையைச் செய்யும். தண்ணீரை அவை கொண்டுவராது. ஈரமான தோலின் மேல் போட்டால்தான் பயன்.

பட்டியலின் கடைசியில் மைக்காவும் சி.ஐ. 77891-ம் இருந்ததல்லவா, அதைக் கவனியுங்கள். அந்த எண் டைட்டானியம் டை ஆக்சைடைக் குறிப்பது. இரண்டும் ஒளியைத் திருப்பி அனுப்பும். போட்ட ஐந்தாவது நிமிடமே கண் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான். முகம் கழுவியதும் அந்தப் பளபளப்பு போய்விடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, மேக்கப்புக்கு அடியில் போட நன்றாகவே இருக்கும். ஆனால் அதைத் தோல் மாறிவிட்டதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கஃபீனும் ரத்த நாளங்களைக் கொஞ்ச நேரத்துக்குச் சுருக்கி வீக்கத்தைக் குறைத்துக் காட்டும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். உலோக உருளை வைத்த டியூப்களில் குளிர்ச்சியே பாதி வேலையைச் செய்கிறது.

பலனை அளப்பதில் நாம் இன்னும் அலட்சியமாக இருக்கிறோம். தூங்கி எழுந்த வீங்கிய முகத்தை ஒரு நாள் படம் எடுத்து, பதினைந்து நாள் கழித்து மாலை வெயிலில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கிரீமும் அற்புதமாகத்தான் தெரியும். ஒரே ஜன்னல், ஒரே நேரம், முகம் கழுவி எதுவும் தடவாத நிலை, போனில் பியூட்டி மோடு அணைத்திருக்க வேண்டும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: இரண்டு வாரம் ஒரு கண்ணுக்கு மட்டும் புதுக் கிரீம், மற்றதற்கு வழக்கமாகப் போடும் மாய்ஸ்சரைசர். தூக்கம், அழுகை, உப்பு, வெயில் எல்லாம் இரண்டு கண்ணுக்கும் பொதுவாகிவிடுவதால், வித்தியாசம் தெரிந்தால் அது கிரீமால் வந்ததாக இருக்கும். இந்தச் சமயத்தில் புது ஃபேஸ் வாஷோ சீரமோ தொடங்காதீர்கள். ஈரப்பதத்தின் பலன் முதல் சில நாளிலேயே தெரிந்துவிட வேண்டும். அதற்கு மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. நிறமிக்கு என்று போடும் பொருள்களுக்குத்தான் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் கேட்பார்கள், அதுவும் கூடவே சன்ஸ்கிரீன் போட்டால்தான்.

"பயன்படுத்தியவர்களில் 90 சதவீதம் பேர் மாற்றத்தை உணர்ந்தார்கள்" என்பது போன்ற வரிகளை நிதானமாகப் படியுங்கள். 'உணர்ந்தார்கள்' என்றால் கருவி வைத்து அளக்கவில்லை, கேட்டு எழுதிக்கொண்டார்கள். எத்தனை பேர், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டு என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

போடும் இடமும் அளவும் தவறினால் நல்ல கிரீமும் கெட்ட பெயர் வாங்கும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பச்சைப்பட்டாணி அளவுக்கும் குறைவாகவே போதும். கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் மோதிர விரலால் ஒற்றி விடுங்கள். தோலின் சூட்டில் அது தானே கொஞ்சம் மேலே பரவும். இமைமயிர் வரை தடவினால் கண்ணுக்குள் போய் எரியும், பார்வை மங்கும், அப்புறம் "எனக்கு அலர்ஜி" என்று முடிவு கட்டிவிடுவோம். உண்மையான அலர்ஜியைக் கண்டுபிடிக்க, முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரு வாரமாவது தடவிப் பாருங்கள். ஒரு தடவை போட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது போதாது.

இமையில் அரிப்பு வந்தால் உடனே ஐ கிரீம்மேல் பழிபோடுவதும் எப்போதும் சரியாக இருக்காது. நெயில் பாலிஷ் போட்ட விரலால் கண்ணைத் தொடுவதும், தலைக்கு அடித்த ஹேர் டையும் இமையில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்தது. விரலிலும் தலையிலும் ஒன்றும் தெரியாமல், மெல்லிய இமையில் மட்டும் அது வெளிப்படலாம்.

இதுவரை சொன்ன தவறுகளால் பணம்தான் போகும். இனிச் சொல்வதில் கண்ணே போகலாம். மெடிக்கல் ஷாப்பில் யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கும் டியூப்பில் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில நாள் நிறம் வெளுத்து, அரிப்பு நின்று, மந்திரம் போலத் தெரியும். கண்ணைச் சுற்றித் தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலியும், கண்ணின் உள் அழுத்தம் கூடி கிளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. சேர்மானப் பட்டியலே இல்லாமல் வரும் வெளுப்புக் கிரீம்கள் இன்னும் மோசம். அவற்றில் பாதரசம் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலுமிச்சைச் சாற்றைக் கண்ணுக்குக் கீழே தடவிவிட்டு வெயிலில் போவதும் வேண்டாம். தோல் வெந்து, இருந்ததைவிடக் கருத்துப்போகும்.

விலை? 15 கிராம் ஐ கிரீம் 600 ரூபாய் என்றால் ஒரு கிராம் 40 ரூபாய். 100 கிராம் மாய்ஸ்சரைசர் 350 ரூபாய் என்றால் ஒரு கிராம் மூன்றரை ரூபாய். வாசனை இல்லாத, கிளிசரினும் செராமைடும் உள்ள அந்த மாய்ஸ்சரைசர் கண்ணுக்குப் பக்கத்தில் எரியாமல் இருந்தால், ஈரப்பதத்துக்கு அதுவே பெரும்பாலோருக்குப் போதும். எரிகிறவர்களுக்கும், மேக்கப்புக்கு அடியில் அது திரிதிரியாக உருண்டு வருகிறது என்பவர்களுக்கும் தனிக் கிரீம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வாங்கினால் வாய் அகன்ற டப்பாவைவிட டியூப்போ பம்ப்போ நல்லது. திறந்த டப்பா போன்ற சின்னப் படத்துக்குள் 6 எம், 12 எம் என்று போட்டிருப்பது திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்கிறது. திறக்கும் அன்றே தேதியை டியூப்பின் மேல் எழுதி வைத்துவிடுங்கள்.