மலையூர்க் கடைவீதிக்கு மறுபடி ஆள் வர வைப்பது எப்படி

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், எந்த ஊர் கடைவீதியைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முதலில் கேட்பது "சீசன் எப்படி?" என்றுதான். ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம், சீசன் அவ்வளவுதான். மீதி மாதமெல்லாம் குடை பிடித்துக்கொண்டு அரிசி, பள்ளிக்கூட ஷூ, பூச்சிமருந்து, குக்கர் கேஸ்கட் என்று வாங்க வருகிறவர்கள் ஹட்டி என்கிற மலைக்கிராமத்துக்காரர்களும் எஸ்டேட் ஆட்களும். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த மாதம் ஜவுளிக்கடையில் கூட்டம், இலை விலை விழுந்தால் கடைவீதியே காற்று வாங்கும். அதனால் காரில் வருகிறவரை விட்டுவிட்டு, பஸ்ஸில் இறங்குகிறவரை மனதில் வைத்து வேலையைத் தொடங்குங்கள். நான் குன்னூரை வைத்துச் சொல்கிறேன், மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஜூலையில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, தெருவின் இரண்டு பக்கமும் கடை கடையாக எழுதுங்கள்: திறந்திருக்கிறதா, ஷட்டர் போட்டிருக்கிறதா, குடோனாகிவிட்டதா, மாடி காலியா. காலை 10, மாலை 4, இரவு 7 என்று மூன்று முறை நடந்து, எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்றும் எண்ணுங்கள். அப்புறம் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிற முப்பது பேரிடம் ஒரே ஒரு கேள்வி: "இங்கே கிடைக்காமல் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போய் வாங்கினது கடைசியாக என்ன?" நான் கேட்டபோது பலர் பொருளையே சொல்லவில்லை, ரிப்பேரைச் சொன்னார்கள். மிக்ஸி, தையல் மெஷின், ஜெர்க்கின் ஜிப். ஜிப் மாற்ற ஆளில்லாமல் ஜெர்க்கினையே தூக்கிப் போட்டதாக ஒரு அக்கா வருத்தத்தோடு சொன்னார். இந்தப் பட்டியல்தான் புதிதாகக் கடை வைக்க நினைக்கிறவருக்குக் கொடுக்கவேண்டிய முதல் தகவல்.

அடுத்தது கடைசி பஸ். இதைப் பலரும் கடைவீதிப் பிரச்சினையாகவே நினைப்பதில்லை, ஆனால் மலையில் கடை மூடும் நேரத்தை முடிவு செய்வது முதலாளி இல்லை, கடைசி பஸ்தான். ஏழு மணிக்கு ஹட்டிக்குப் போகிற பஸ் கிளம்பிவிட்டால் ஏழே காலுக்கு வீதி காலி. பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் பயணம் 2021இல் சமவெளியில் தொடங்கி 2024இல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது, டிக்கெட் காசு மிச்சமாகிறவர் கடையில் செலவு செய்ய நேரமும் வேண்டும் இல்லையா? ஆகவே எந்த வழித்தடத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி, வியாபாரிகள் சங்கம், கவுன்சிலர், ஹட்டிப் பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரைப் பாருங்கள். பொதுவாக "பஸ் விடுங்கள்" என்றால் மனு ஃபைலில் தூங்கும். வழித்தடமும் ஆள் கணக்கும் இருந்தால் மேசையில் வைத்துப் பேசலாம்.

அதோடு கழிப்பறை. சுத்தமான, தண்ணீர் வருகிற, பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை மார்க்கெட் நடுவில் இல்லையென்றால், குளிரில் வந்த ஒரு அம்மா டீ கூடக் குடிக்காமல் சாமான் வாங்கிய கையோடு திரும்பிவிடுவார். எத்தனை வண்ண விளக்கு போட்டாலும் இதற்கு ஈடாகாது.

பூட்டிய கடைகளுக்கு வருவோம். பழைய கடைகளில் பலகைக் கதவு பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பலகையிலும் பெயின்ட்டில் 1, 2, 3 என்று நம்பர், காலையில் ஒவ்வொன்றாகப் பள்ளத்திலிருந்து நகர்த்தி எடுத்து, சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைப்பார்கள். பனியில் ஊதிப்போன நாலாம் நம்பர் பலகை மட்டும் வராது, கடைக்காரர் உள்ளங்கையால் அடியில் இரண்டு தட்டுத் தட்டி உருவுவார். அந்த முகப்பை உடைத்துக் கண்ணாடி போடாதீர்கள். எண்ணெய் பூசி, தகரக் கூரையின் ஒழுகலை அடைத்து, ஒரே மாதிரி சிறிய பெயர்ப்பலகை மாட்டினாலே தெரு கண்ணுக்கு வேறாகிவிடும். தனியார் கடை என்றால் உரிமையாளரிடம் மூன்று மாதத்துக்கு மட்டும், பெரிய அட்வான்ஸ் இல்லாமல் கேளுங்கள், பெரிய கடையை இரண்டாகத் தடுத்தும் கேட்கலாம். பூட்டி வைத்த கடையில் மரம் உளுத்துப்போகும் என்பது அவருக்கும் தெரியும். நகராட்சிக் கடையில் மட்டும் உள்வாடகைக்குப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், அங்கே எதுவானாலும் மன்றத் தீர்மானம், ஏலம் என்று முறையாகத்தான் போகவேண்டும். முதலில் உட்காரவைக்க வேண்டியவர்கள் ரிப்பேர்காரர்கள், வர்க்கி பிஸ்கட் சுடுகிறவர்கள், தோடர் பழங்குடிப் பூத்தையல் செய்கிற பெண்கள். இந்தப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைச் செய்கிறவரே உட்கார்ந்து விற்க நாலடி இடமாவது ஊருக்கு நடுவில் வேண்டும் என்பது என் ஆசை. வர்க்கி, ஜாம் மாதிரி உணவுத் தொழிலுக்கு மத்திய அரசின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் கொடுத்துவந்தார்கள், இப்போதும் கிடைக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

தெருவோரம் விற்கிறவர்களை விரட்டி வீதியை அழகாக்கலாம் என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். கீரையும் பூவும் வாங்க வருகிற கூட்டம்தான் பக்கத்துக் கடைக்கும் போகிறது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்கவேண்டும், அதில் 40 சதவீதம் தெரு வியாபாரிகளே இருக்கவேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா என்று கேட்டு, அதன் வழியாக இடத்தைக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. குன்னூரில் மார்க்கெட்டை ஒட்டியே ஆறு ஓடுகிறது, வடகிழக்குப் பருவமழையில் அது எப்படி வரும் என்று ஊரே பார்த்திருக்கிறது. 2009 நவம்பர் நிலச்சரிவில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஓடையை மூடிக் கடை கட்டும் எந்தத் திட்டத்துக்கும் தலையாட்டாதீர்கள், வாடகை வருமானம் எவ்வளவு சொன்னாலும்.

சுற்றுலாப் பயணி இதற்கெல்லாம் பிறகுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் மலை ரயிலுக்குக் குன்னூரில் எஞ்சின் மாற்றுவார்கள், நீராவி கழன்று டீசல் வரும். பயணிகள் பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டு ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். ரயிலடியிலிருந்து மார்க்கெட் நடக்கிற தூரம்தான். குன்னூரில் இறங்கிவிடுகிறவருக்காவது ஒரு மணி நேர நடைக்கு வரைபடம் அடித்து ஸ்டேஷன் வாசலில் கொடுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, கார்களை எல்லையில்லாமல் பெருக்க முடியாது. வருகிற ஆள் கூடுதலாக ஒரு மணி நேரம் இருப்பதில்தான் வியாபாரம் இருக்கிறது.

இவ்வளவையும் யார் செய்வது? கடைக்காரர் கல்லாவை விட்டு வரமுடியாது. அமெரிக்காவில் 1977இல் மூன்று சிற்றூர்களில் பழைய கடைவீதிகளை மீட்கும் முயற்சி தொடங்கியபோது, ஒவ்வொரு ஊருக்கும் அந்த வேலைக்கென்றே ஒரு மேலாளரை வைத்தார்கள். நாமும் அப்படி வைக்கலாம். 200 கடை, மாதம் 150 ரூபாய் என்றால் 30,000 ஆகிறது. உள்ளூரில் படித்துவிட்டு வேலை தேடும் ஒரு பெண்ணையோ பையனையோ சம்பளத்துக்கு வையுங்கள், மனு, வரைபடம், காலிக் கடைப் பட்டியல் எல்லாம் அவர் பொறுப்பு.

அந்த நோட்டையும் அவரிடமே கொடுங்கள். அடுத்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே 10, 4, 7 மணிக்கு, மறுபடி நடந்து எண்ணவேண்டும். ஏழு மணி எண்ணிக்கையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.