கன்னியாகுமரியில ரூம் போடுறீங்களா? சீ வியூவுக்குன்னு கூடுதல் காசு குடுக்கலாமா வேண்டாமா

எங்க வீடு நாகர்கோவில்ல. பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சுன்னா மதுரையில இருந்தோ கோயம்புத்தூர்ல இருந்தோ சொந்தக்காரங்க யாராவது போன் பண்ணிருவாங்க, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், கடல் தெரியுற ரூமுக்கு ஆயிரம் ரூபா கூட கேக்கான், குடுக்கலாமான்னு.

விடியக்காலம் உங்க ரூம்ல இருந்தே சூரியன் ஏறுறது தெரியும்னா குடுங்க. சும்மா கடல் மட்டும் தெரியும்னா வேண்டாம். கன்னியாகுமரி சின்ன ஊரு, பீச் ரோடு பக்கம் எந்த லாட்ஜ்ல தங்கினாலும் கொஞ்ச தூரம் நடந்தா கடல் வந்துரும், பகல் பூரா நீங்க அம்மன் கோயில், காந்தி மண்டபம், விவேகானந்தர் பாறைக்கு போற போட் கியூன்னு வெளியதான் நிக்கப் போறீங்க, அந்த நேரத்துல ரூம் ஜன்னல்ல கடல் தெரிஞ்சா யாரு பாக்கப் போறா.

அதனால முதல்ல பாக்க வேண்டியது திசை. இங்க மூணு பக்கமும் கடல், அதுனால சீ வியூன்னு சொன்னா அது தெக்க பாத்ததாவும் இருக்கலாம் மேக்க பாத்ததாவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது கிழக்க பாத்த ரூம். விவேகானந்தர் பாறையும் 133 அடி வள்ளுவர் சிலையும் ரெண்டுக்கும் நடுவுல புதுசா போட்ட கண்ணாடிப் பாலமும் அந்தப் பக்கம்தான். டிசம்பர் ஜனவரியில சூரியன் தெக்க தள்ளி பாறைப் பக்கமா ஏறும், மே ஜூன்ல வடக்க தள்ளி சின்னமுட்டம் மீன்பிடி துறைமுகம் பக்கமா போயிரும், அப்போ பால்கனியில நின்னு இடது பக்கம் பாக்கணும், பக்கத்து கட்டடம் உயரமா இருந்தா மறைச்சிரும். நேரமும் மாறும், மே கடைசியில 6 மணிக்கு, ஜனவரி கடைசியில 6.40 கிட்ட.

மேக்க பாத்த ரூம்ல சூரியன் மறையுறதைப் பாக்கலாம்னு சிலர் எடுப்பாங்க. அக்டோபர்ல இருந்து மார்ச் வரை கடலுக்குள்ள இறங்குறது நல்லா தெரியும், மே ஜூன்ல கரைப்பக்கம் சாஞ்சுரும். போக, மத்தியானம் வெயில் நேரா உள்ள அடிச்சு ரூம் கொதிக்கும். சாயங்காலம் நீங்க சன்செட் பாயின்ட்டுக்கோ இங்க பக்கத்துல இருக்கிற கோவளத்துக்கோ போயிருவீங்க, அதுக்கு ரூம் தேவையே இல்ல.

இப்போ எதுக்கு குடுக்கலாம்னு சொல்றேன்னா, எங்க அத்தைக்கு ரெண்டு முட்டியும் போச்சு, படி ஏற முடியாது, விடிஞ்சும் விடியாம கூட்டத்துல நடக்கவும் முடியாது. போன தை மாசம் வந்தப்போ லிப்ட் இருக்கிற லாட்ஜா பாத்து மூணாவது மாடியில கிழக்க பாத்த பால்கனி ரூமா எடுத்துக் குடுத்தேன். அஞ்சரைக்கே எழும்பி, போர்வையை தலையோட சுத்திக்கிட்டு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துட்டா. இருட்டுல வள்ளம் எல்லாம் லைட்டு லைட்டா நிக்கும், அப்புறம் வானம் வெளுக்கும், சிலை கறுப்பா தெரியும், அதுக்குப் பக்கத்துல செவப்பா ஒரு நூல் மாதிரி வந்துச்சு, அத்தை ரெண்டு கையையும் கூப்பினவ முழுசா ஏறி முடிக்கிற வரை இறக்கவே இல்ல. அந்த ஆயிரம் ரூபாயை நான் ஒருநாளும் கணக்கு பாக்கமாட்டேன். வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, நடக்க முடியாதவங்க கூட வந்தா யோசிக்காம எடுங்க.

நல்லா நடக்குற பயலுவ நாலு பேர் வர்றீங்கன்னா பின்பக்க ரூம் போதும். நெறைய லாட்ஜ்ல சூரியன் பாக்க மொட்டை மாடியைத் திறந்து விடுவாங்க, அதைக் கேட்டுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஜூன்ல இருந்து மழைக்காலம், ஐப்பசியிலயும் மேகம் கூடுதல், அப்போ எவ்வளவு குடுத்தாலும் சூரியன் தெரியும்னு உறுதி கிடையாது, அந்த மாசங்கள்ல நான் யாருக்கும் சீ வியூ எடுக்கச் சொல்றது இல்ல. கார்த்திகை மார்கழியில ஐயப்ப சாமிமார் கூட்டம், ரேட்டும் ஏறும், முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

ஆன்லைன் போட்டோவை மட்டும் நம்பாதீங்க. ஒரு தடவை என் தம்பிக்கு 'சைடு சீ வியூ'ன்னு ஒரு இடத்துல போட்டேன், போய் பாத்தா தண்ணி டேங்குக்கும் பக்கத்து சுவருக்கும் நடுவுல ஒரு முழம் கடல், போட்டோ மொட்டை மாடியில நின்னு எடுத்தது. அதுக்கப்புறம் நேரா லாட்ஜுக்கே போன் போட்டுருவேன். ஜன்னலைத் திறந்தா பாறை தெரியுமா, எத்தனாவது மாடி, பால்கனியா வெறும் ஜன்னலா, முன்னாடி தென்னையோ போர்டோ மறைக்குதா, லிப்ட் ஓடுதா. அந்த ரூம்ல இருந்தே வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்க, நிஜமாவே கடல் தெரியுற ரூம் வச்சிருக்கிறவங்க அனுப்புவாங்க, சாக்கு சொன்னா வேற இடம் பாருங்க.

கடல் பாத்த ரூம்ல உப்புக்காத்து கூடுதல், பூட்டு, ஏசி, குழாய் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். உள்ள போனதும் பால்கனி கதவு தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு போட்டுப் பாருங்க, இல்லைன்னா ராத்திரி காத்துக்கு கதவு படார் படார்னு அடிச்சு தூங்கவிடாது. பிள்ளைங்க இருந்தா கம்பிக் கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பாக்கணும், துருப்பிடிச்ச கம்பியை நம்பி சாய விடாதீங்க.

செக் அவுட் 24 மணி நேரமா இல்ல மத்தியானம் 12 மணியான்னும் கேளுங்க. காலைல ரயில்ல வந்து இறங்குறவங்களுக்கு அன்னைக்கு சூரியன் ரூம்ல கிடைக்காது, மறுநாள் காலைல ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதுக்கும் முன்னாடியே காலி பண்ணி ரயில் பிடிக்கணும்னா பின்பக்க ரூமே எடுங்க.