மலையகத்தைப் பற்றி ஆய்வு தேடும் தம்பி, தங்கச்சிமாருக்கு

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஹட்டன் பக்கத்திலிருந்து மானிடவியல் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் என்னிடம் முதலில் சொல்வது, “அக்கா, நம்ம ஆட்களைப் பற்றி ஒன்றுமே இல்லை” என்பதுதான். ஒரே பெயரில் தேடியிருப்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் ‘மலையகத் தமிழர்’ என்று ஆங்கில எழுத்தில் போட்டால் பெரும்பாலும் அண்மைக்காலக் கட்டுரைகளே வரும். பழையவை ‘இந்தியன் தமிழ்ஸ்’, ‘எஸ்டேட் லேபர்’, ‘பிளான்டேஷன் தமிழ்ஸ்’, ‘அப்கன்ட்ரி தமிழ்ஸ்’ என்ற பெயர்களில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

நல்ல நூல் ஒன்று அகப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டே மற்றவற்றுக்குப் போகலாம். தோட்டப் பெண்களின் உழைப்பைப் பற்றி மைத்ரி ஜெகதீசன் எழுதிய நூல் 2019இல் வந்தது. அதன் நூற்பட்டியல் முந்திய ஆய்வுகளைக் காட்டும். ஸ்கொலரில் தலைப்புக்குக் கீழே ‘சைட்டட் பை’யை அமத்தினால், அந்த நூலை மேற்கோள் காட்டிய பிந்தியவை வரும்.

தேர்ந்தெடுப்பதில்தான் வேலையே இருக்கிறது. நான் முதலில் திறப்பது களஆய்வைப் பற்றிச் சொல்லும் பகுதியை. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எங்கே தங்கினார், தமிழ் பேசுவாரா, தோட்டத்துக்குள் யார் வழியாகப் போனார்? துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், ஜீப்பில் வந்து இறங்கியவரிடம் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) நிற்கும் பெண் சம்பளக் குறையைச் சொல்லுவாரா என்ன? தொழிலாளர் குடியிருக்கும் லயத்து இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவருக்குக் கிடைக்கும் பதில் வேறு.

ஆண்டையும் பாருங்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஆய்வாளர் ஒட்வார் ஹொலப் எழுதிய 1994 நூல் சாதியைப் பற்றி எழுத இன்றும் உதவும். ஆனால் ‘இப்போதும் இப்படித்தான்’ என்று எழுத அதை மட்டும் காட்டினால் எந்த ஆசிரியரும் சிவப்புக் கோடு போடுவார்.

துரைமாரின் பழைய நினைவுக்குறிப்புகளையும் ஒதுக்காதீர்கள். அவற்றைத் தொழிலாளியின் வாழ்க்கைக்கு அல்ல, துரையின் பார்வைக்குச் சான்றாக எடுங்கள்.

பணம் கேட்கும் கட்டுரையா? எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள், பலர் அனுப்பிவிடுவார்கள். ஆய்விதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு திறந்தாலும் மாதத்துக்குக் கொஞ்சம் வாசிக்கலாம்.

தமிழில் என்றால், இலங்கைத் தமிழ் வெளியீடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம். சஞ்சிகை, சிறப்பு மலர் எல்லாம் இலவசம். அவை ஆய்வுக் கட்டுரைகள் இல்லைதான். மூலச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலின் சிறப்பு மலர் கையில் கிடைத்தால் வாழ்த்துரைகளைத் தாண்டி நன்கொடைப் பட்டியலுக்குப் போங்கள். தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு) பெயர் அதில் இல்லை என்று பார்த்து, ஏன் என்று அந்த டிவிசனில் போய்க் கேளுங்கள்.