ஆய்வுமுறை வகுப்புக்குப் போகும்போது கொஞ்சம் பச்சைப்பயறு கொண்டுபோங்கள்

பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வுமுறை சொல்லிக்கொடுக்கச் சொன்னால், "ஆய்வு என்றால் என்ன, அதன் வகைகள் யாவை" என்று போர்டில் எழுதி ஆரம்பிக்காதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் ஆரம்பித்தேன். எழுதிக்கொண்டார்கள், பரீட்சையில் அப்படியே ஒப்பித்தார்கள், ப்ராஜெக்ட் என்று வந்தபோது சீனியர் விட்டுப்போன பைண்டிங்கை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. இரண்டு வருடமாக லேபில் விடை தெரிந்த சோதனைகளை மட்டுமே செய்யவைத்திருக்கிறோம். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு 9.3 வந்தால், மார்க் போய்விடுமே என்று ரீடிங்கைத்தான் திருத்தும்.

அதனால் முதலில் வேண்டியது, உங்களுக்கே விடை தெரியாத ஒரு சின்னக் கேள்வி.

அது பிள்ளைகளிடமிருந்தே வரட்டும். எங்கள் வகுப்பில், ஹாஸ்டல் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்ற புலம்பலில்தான் தொடங்கியது. "உப்புத் தண்ணீர் செடிக்குக் கெடுதலா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல சந்தேகம், ஆனால் இதை அப்படியே சோதிக்க முடியாது. எந்தச் செடி, எவ்வளவு உப்பு, கெடுதல் என்றால் எதை அளப்பது? ஒரு பீரியட் முழுக்க வாதாட விடுங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கடைசியில் எங்களுக்கு வந்து நின்ற கேள்வி இது: லிட்டருக்கு 3, 6, 9 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் பச்சைப்பயறு மூன்று நாளில் எத்தனை முளைக்கும், வெறும் தண்ணீரைவிடக் குறைகிறதா?

அந்தப் பீரியடிலேயே சி.வி. ராமன் 1921-இல் கப்பலில் திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடலாம். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் ஒரு நிகோல் பட்டகத்தை (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகத்தை) வைத்து, கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. அப்படியானால் ஒளியைச் சிதறடிப்பது தண்ணீரேதான். கையில் இருந்த ஒரு சின்னக் கருவியால் சோதிக்கக்கூடிய கேள்வியாக அதை அவர் மாற்றிக்கொண்டார், பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

சரி, சோதனைக்கு வருவோம். நாலு வகைத் தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் நாலு பெட்ரி தட்டு (லேபில் இருக்கும் ஆழமில்லாத வட்டத் தட்டு), தட்டுக்கு 25 விதை, மொத்தம் 400. ஒரே பாக்கெட் பயறு, எல்லாத் தட்டிலும் ஒரே அளவு ஃபில்டர் பேப்பர், ஒரே அளவு தண்ணீர். உப்பைக் கரைப்பதும் டிஸ்டில்டு வாட்டரில்தான், அயோடின் சேர்த்த சமையல் உப்பைவிட லேபில் இருக்கும் சோடியம் குளோரைடு நல்லது.

ஒரே பெரிய தட்டில் நூறு விதையைப் போட்டால் ஆகாதா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஆகாது. அந்தத் தட்டு காய்ந்துபோனால் நூறும் சேர்ந்து கெடும், நூறு விதை இருந்தும் கையில் இருப்பது ஒரே ஒரு தட்டின் கதைதான். முதல் தடவை நாங்கள் இன்னொரு தப்பும் செய்தோம். அடுக்கி வைக்க வசதியாக இருக்கிறது என்று 9 கிராம் தட்டுகள் நாலையும் ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்துவிட்டோம். வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் ஏறிவிட்டது. விதை முளைக்காததற்கு உப்பு காரணமா ஜன்னல் காரணமா என்று பிரிக்கவே முடியவில்லை, மூன்று நாள் வேலை போயிற்று. அடுத்த தடவை பதினாறு தட்டின் இடத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவுசெய்தோம். சீட்டுக் குலுக்குவது ஏன் என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முளைத்தது என்றால் என்ன என்பதையும் எண்ணும் முன்பே எழுதி வையுங்கள். முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தால் முளைத்தது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். தட்டில் உப்பின் அளவை எழுதாமல் அ, ஆ, இ என்று குறியீடு மட்டும் ஒட்டி, கரைசல் ஊற்றாத ஆளை எண்ணச் சொல்லுங்கள். எது உப்புத் தட்டு என்று தெரிந்தால், அரைகுறையாக வெடித்த விதையை மனது ஒரு பக்கமாகவே தள்ளும். அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும், தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும், ஒயிட்னர் கூடாது.

எண்ணி முடித்ததும், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனையான டி-டெஸ்டுக்கு நேராகத் தாவாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர்த் தட்டு நாலையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 22, 25, 20, 23 என்கிற மாதிரி இருக்கும். ஒரே தண்ணீர், ஒரே பயறு, ஏன் மாறுகிறது என்று பிள்ளைகள் திகைக்கிற அந்த நிமிடத்தை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள், புள்ளியியல் எதற்கு என்பது அங்கேதான் புரிகிறது. அப்புறம் வெறும் தண்ணீரின் நாலு எண்ணையும் 9 கிராம் தட்டுகளின் நாலு எண்ணையும் எட்டுத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். உப்பால் ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டால், இந்த எட்டு எண்ணும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். குலுக்கி நாலு நாலாகப் பிரித்தால் மொத்தம் 70 விதமாகத்தான் பிரிக்க முடியும். வெறும் தண்ணீரின் நாலு எண்ணும் உப்புத் தட்டின் நாலையும்விடப் பெரியதாக இருந்தால், அப்படி விழுவது அந்த 70-இல் ஒரே ஒரு விதம். வெறும் குலுக்கலில் அது வர எவ்வளவு வாய்ப்பு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அந்த வாய்ப்புக்குப் பி-மதிப்பு என்று பெயர் என்பதை அப்போது சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளைப் படிப்பதை நான் இதற்குப் பிறகுதான் வைக்கிறேன். பாடத்திட்டத்தில் அது முதலில் வரும், தெரியும். ஆனால் தானே தட்டு வைத்து எண்ணிய பிள்ளை கூகுள் ஸ்காலரில் ஒரு முளைப்புக் கட்டுரையைத் திறந்ததும் "இவங்க எத்தனை தட்டு வெச்சிருக்காங்க சார்?" என்று கேட்கிறது. முன்பெல்லாம் முடிவுரையை மட்டும் காப்பி செய்துகொண்டு போகும். ஷோத்கங்கா என்ற இணையதளத்தில் நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளும் இலவசமாகக் கிடைக்கின்றன, அதில் செய்முறை அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொன்னால் போதும்.

அறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூடவே அப்சர்வேஷன் நோட்டையும் வாங்கி, அடித்தல் திருத்தல் அப்படியே இருக்கிற நோட்டுக்கு மார்க் போடுங்கள். உப்பால் வித்தியாசமே தெரியவில்லை என்று ஒரு குழு எழுதிக்கொண்டு வந்தால், அதற்கும் முழு மார்க் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.