வெள்ளத்தில் உதவப் போகும் சபை வாலிபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனிக்குப் பாட்டுப் பழகும் நாட்கள். அன்று தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பிடித்த மழை, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்து) வாலிபர்கள் கொஞ்சப் பேர் மறுநாளே கிளம்பிவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான் போனோம். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நாங்கள் செய்த தவறுகள் இன்றும் எனக்கு உறுத்துகின்றன, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் தண்ணீரில் இறங்குவது. கிணற்றில் நீந்திப் பழகியது வேறு, ஓடுகிற வெள்ளம் வேறு. முழங்கால் அளவுதானே என்று நினைப்போம். வேகமாக ஓடினால் அதுவே ஆளைச் சாய்த்துவிடும், அதோடு வாழைத்தோட்டத்துக் கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே, அறுந்த மின்கம்பி எங்கே என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் தம்பி ஒருவன் இழுத்துப் போகப்பட்டு, ஒரு கருவேல மரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். வேறு வீட்டுக்குப் போக வேண்டிய மீட்புப் படகு அவனுக்காகத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வீட்டில் எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

படகு வேலையைக் கடலை அறிந்தவர்களிடம் விடுங்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் தெரியும், தெரு தெரியாது. எந்த இடத்தில் காம்பவுண்டு சுவர் மூழ்கிக் கிடக்கிறது, எந்தச் சந்தில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பதெல்லாம் உள்ளூர்ப் பையனுக்குத்தான் தெரியும். உங்களில் ஒருவர், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் படகில் வழிகாட்டியாக ஏறினால் போதும். மற்றவர்களுக்குக் கரையில் வேலை கிடக்கிறது. அசனம் என்னும் சபை விருந்துக்குச் சமைக்கும் அண்டாக்கள் ஒவ்வொரு கோயிலிலும் இருக்கின்றன, ஆயிரம் பேருக்குப் பொங்கிப் பழகிய கைகள் இருக்கின்றன, மண்டபம் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது. சபைகளின் உண்மையான பலம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் பழைய துணி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் எடுக்காமல் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாம் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டுப் போங்கள். பெரும்பாலும் புது உள்ளாடை, நாப்கின், லுங்கி, நைட்டி, பாய், வாளி, கொசுவர்த்தி, பினாயில் என்றுதான் சொல்வார்கள்.

எங்கே கொடுப்பது என்பதிலும் தவறுகிறோம். மெயின் ரோட்டை ஒட்டிய ஊருக்கு ஒரே நாளில் ஐந்து வண்டி சாப்பாடு வரும், உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கு ஒரு பொட்டலமும் போகாது. 1077-க்கு அழைத்து மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள், விஏஓவிடம் கேளுங்கள். சுனாமி நேரத்தில் தலித் மக்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் நிவாரணம் பல இடங்களில் மறுக்கப்பட்டதும் தாமதமானதும் பதிவாகியிருக்கிறது. அந்தத் தவறு நம் வழியாகவும் நடக்கலாம். சபை ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஜனங்களுக்கு முதலில் என்று ஆரம்பித்தால், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய நல்ல சமாரியனின் வேதாகமக் கதையை எத்தனை முறை கேட்டும் நமக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சோற்றுப் பொட்டலத்தோடு இயேசுவைப் பற்றிய கைப்பிரதி வைத்துக் கொடுப்பது. நாங்களும் வைத்தோம். ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இத வாங்குனாதான் சோறு தருவீயளா தம்பி?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, தயங்கித் தயங்கிக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பசித்திருப்பவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார், அந்த நேரத்தில் நீட்டுவது அழைப்பு ஆகாது, நெருக்கடிதான். 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் கிறிஸ்தவ அமைப்புகள் உட்பட பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து வகுத்த நடத்தை நெறிகளிலும், உதவியை எந்த மத நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் பாத்திரத்தைக் கழுவுங்கள். வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் செய்தது சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து அவனையே குற்றம் சொன்ன பிறகுதான் கெட்டது.

அதனால்தான் "இது தேவனுடைய எச்சரிப்பு", "எங்களை ஆண்டவர் காப்பாற்றினார்" என்றெல்லாம் முகாமில் பேசக் கூடாது என்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் பக்கத்தில் இருப்பார். சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஒரு ஞாயிறு காலை. வேளாங்கண்ணிக்குப் போயிருந்த பக்தர்களும் எத்தனையோ பேர் இறந்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் இல்லாமலா போயிற்று?

குழந்தைகள் விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. தனியாக நிற்கும் பிள்ளையை இரக்கப்பட்டு நமக்குத் தெரிந்த விடுதிக்கு அழைத்துப் போவது பெரிய தவறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும். அம்மா இரண்டு முகாம் தள்ளி அழுதுகொண்டிருக்கலாம். சாப்பாடு வாங்கும் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கவும் வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டு நண்பர் அல்லது அங்குள்ள சபை நிவாரணத்துக்கு அனுப்பும் பணத்தை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் வாங்கினால் சபையே சிக்கலில் மாட்டும். உள்ளூர்க் காணிக்கைக்கும் ரசீதும் கணக்கும் வேண்டும், சபைக் குருவான ஐயருக்கு மட்டும் காட்டினால் போதாது, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கடைசியாக, ஒரு வாரத்தில் திரும்பிவிடுவது. அந்தச் சமாரியன், அடிபட்டவனைச் சேர்த்த சத்திரக்காரனிடம் காசு கொடுத்ததோடு நிற்கவில்லை, திரும்பி வருவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர் வடிந்த பிறகுதான் சேறு அள்ளுவது, நனைந்துபோன ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் மனு எழுதுவது, எலிக்காய்ச்சல் அறிகுறி உள்ளவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது என்று வேலை ஆரம்பிக்கிறது. ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு மறுபடியும் போனோம். அன்று கைப்பிரதியைப் பார்த்துத் தயங்கிய அதே அம்மாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு இருந்தது. இரண்டு நாள் அள்ளினோம். அவர் எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார்.