வெள்ள நிவாரணம் வாங்க அடங்கலில் தொடங்குங்கள்

ஆந்திராவில் உள்ள பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்றாலே ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆரணியாற்றங்கரையில் நெல் போட்டவர்களுக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் ஊரில் நிவாரண மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். நான் முதலில் கேட்பது, "அடங்கலில் நெல் ஏறியிருக்கா?"

பட்டா நிலம் யாருடையது என்று மட்டுமே சொல்லும். இந்தப் பசலியில், அதாவது இந்த வருவாய்க் கணக்கு ஆண்டில், அந்த சர்வே எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று சொல்வது அடங்கல். அதில் தரிசு என்று இருந்தால், கழுத்தளவு தண்ணீரில் பயிர் நின்றாலும் பட்டியலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. நடவு முடிந்த கையோடு வி.ஏ.ஓ.வைப் பார்த்துப் பதிவு செய்யச் சொல்லி, நகல் வாங்கி வையுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வெள்ளம் வந்த பிறகு அதற்கு அலைந்தால் கணக்கெடுப்பு முடிந்துவிடும்.

தண்ணீர் நிற்கும்போதே போனில் இடக்குறிப்போடு படம் எடுங்கள். அன்றைக்கே வி.ஏ.ஓ.வுக்கும் உதவி வேளாண் அலுவலருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும்வரை உழுதுவிடாதீர்கள்.

கணக்கெடுக்க வரும் நாளில் நீங்கள் வயலில் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் வடிந்ததும் தூர் மேலே பச்சையாகத்தான் தெரியும். வரப்பிலிருந்து பார்ப்பவர் பயிர் தேறிவிடும் என்று எழுதிவிட்டுப் போவார். இறங்கி நாலைந்து இடத்தில் தூரைப் பிடுங்கிக் காட்டுங்கள். வேர் கறுத்து, கையில் இழுத்தால் அறுந்து, அழுகல் நாற்றம் அடிக்கும். கதிர் சாய்ந்திருந்தால் நெல்லில் விட்டிருக்கும் வெள்ளை முளையைக் காட்டுங்கள். 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் பணம். 30 என்று எழுதினால் ஒன்றுமில்லை.

2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்தது நெல் போன்ற இறவைப் (பாசன) பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 17,000 என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 6,900தான் வரும். போட்ட முதலுக்கே அது காணாது. ஆனாலும் அடுத்த விதைக்கு ஆகும், விட்டுவிடாதீர்கள். பசு, எருமை இறந்ததற்கு அப்போது அறிவித்தது 37,500. புதைக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். பயிர்க் காப்பீடு வேறு, இது வேறு. பிரீமியம் கட்டாதவரும் நிவாரணம் கேட்கலாம்.

பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வருடக்கணக்கில் தொடாத கணக்கை எழுதிக் கொடுக்காதீர்கள். ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகலாபுரம், சத்தியவேடு பக்கம் நிலம் வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறைய. அந்த நிலத்துக்கு ஆந்திர அரசுதான் கொடுக்கும், நம் வி.ஏ.ஓ. ஒன்றும் செய்ய முடியாது. அங்கே அடங்கலைப் போலவே, இ-கிராப் என்ற ஆந்திர அரசின் கணினிப் பயிர்ப் பதிவும் உயிர். பயிர் வைத்த பருவத்திலேயே முடியுங்கள். தெலுங்கில் எழுதும் பெயர் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள்.

குத்தகைக்காரர் என்றால் நில உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். இதில்தான் சண்டை அதிகம். பயிர் வைத்தவருக்கே பணம் என்று குத்தகை பேசும்போதே எழுதிக்கொள்வது நியாயம்.

பட்டியல் தாலுகாவுக்குப் போகும் முன் உங்கள் பெயரையும் பரப்பையும் கேட்டுப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அடங்கல் நகல், படங்களோடு கலெக்டர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.