தாத்தா கட்டிய மூங்கில் நட்சத்திரத்தைச் சரிசெய்த கதை

எங்கள் நாகர்கோவில் வீட்டில் டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸுக்காக வாசலில் தொங்குவது தாத்தா கட்டிய மூங்கில் நட்சத்திரம்தான். கடையில் மடித்துத் தரும் அட்டை நட்சத்திரம் அம்மாவுக்கு ஆகாது. இந்த முறை பரணிலிருந்து இறக்கினால், தாளைக் கரப்பான் அரித்திருந்தது. சட்டமும் ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது.

அமைப்பு எளிதுதான். ஐந்துமுனை நட்சத்திரச் சட்டம் இரண்டை முனைகளில் சேர்த்துக் கட்டி, உள்மூலைகள் ஐந்திலும் இடையே சின்னக் குச்சிகளை நிறுத்தினால் நடுப்பகுதி புடைத்து நிற்கும். அதில் ஒரு குச்சி நழுவியிருந்தது. ஈர்க்குச்சி வைத்தேன், வளைந்துவிட்டது. அப்புறம் மூங்கிலைச் சீவி, இரு முனையிலும் வெட்டு வைத்து, நனைத்த பருத்தி நூலால் இறுக்கினேன். அசையவில்லை.

தாள் ஒட்ட மைதாப் பசை. காய்ச்சும்போது துளி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அண்டாது. பழைய பைண்டிங்காரர்கள் வழி இது. ஆனால் துத்தம் விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். பல்பு மாற்றப் பின்பக்கம் ஒரு கதவு விட்டு, பட்டம் செய்யும் தாளை ஒட்டி நிழலில் உலர்த்தினேன். முன்பு உள்ளே எரிந்தது 60 வாட் குண்டு பல்பு, அதன் சூட்டில் தாள் கருகும். இப்போது 5 வாட் எல்இடி. பழைய மஞ்சள் ஒளி வேண்டுமென்றால் ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டு வாங்குங்கள்.

கிறிஸ்துமஸ் குடிலில் புல்லாக வைக்கத் தட்டில் கேழ்வரகு விதைத்தாயிற்று. அம்மா முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பாசிப்பயறு வறுக்க ஆரம்பித்துவிட்டார். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த பிறகுதான் நட்சத்திரம் மறுபடி பரணுக்குப் போகும்.